வழியிடையே கிடைத்த மருந்து



புதுச்சேரிக்கு வடக்கே, கடலைப் பார்த்த செம்மண் மேட்டில் உள்ளது எங்கள் குயிலாப்பாளையம். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் இன்னும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். உப்பு விளையும் முறையை நின்று பார்த்தவர்களுக்கு இன்று நான் சொல்லப்போகும் இரசாயனம் எளிதில் விளங்கும். ஆதலால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கழிமுகத்து உவர்நீரை உடனே உப்பாக்கிவிட முடியாது. முதலில் ஒரு பெரிய பாத்தியில் அதைத் தேக்குவார்கள். வெயிலில் வற்றிக் கடுமை ஏறியதும் அடுத்த பாத்திக்குத் திருப்புவார்கள். அங்கே மேலும் வற்றும். அதன் பிறகே உப்பு விளையும் பாத்திக்கு அது வந்து சேரும். நடுப் பாத்தியில் நிற்கும் நீர் கடல்நீரும் அன்று, உப்பும் அன்று. புதிதாகக் காண்பவர் அதனைப் பொருட்படுத்தமாட்டார். ஆனால் அந்த நடுப் பாத்தியின் அடியில்தான் ஜிப்சம் படிகிறது. சிமெண்டுக்கு வேண்டிய அந்தப் பொருள், உப்பைத் தேடிப் போகும் வழியிலேயே கிடைத்துவிடுகிறது.

இரசாயனத் தொழிலிலும் இத்தகைய நடுப் பாத்திகள் உண்டு. ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளைச் செய்யும்போது, இடையில் உருவாகி, அடுத்த படியில் மறைந்துவிடும் பொருளுக்கு இடைப்பொருள் என்று பெயர். அதனைப் பெரும்பாலும் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவ்வாறு ஒதுங்கிக் கிடந்த ஓர் இடைப்பொருள், உலகத்தில் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்தாக மாறிய வரலாற்றையும், அதில் நம் சென்னைக்கு உள்ள பங்கையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அதன் குலத்தைப் பார்ப்போம். ஸ்காட்லாந்து நாட்டு இரசாயன அறிஞரான தாமஸ் ஆண்டர்சன், விலங்குகளின் எலும்பைக் காற்றுப் படாமல் சூடேற்றினால் வடியும் எண்ணெயை ஆராய்ந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்யும் நாற்றமுடைய எண்ணெய் அது. அதிலிருந்து 1849ஆம் ஆண்டில் அவர் பிரித்தெடுத்த திரவமே பிரிடின். நிறமற்றது, நீரில் எவ்வளவு சேர்த்தாலும் கலந்துவிடுவது, 115 பாகை வெப்பத்தில் கொதிப்பது, சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் மென்மையான காரம். இதன் நாற்றமும் ஒரு வகையில் பயன்பட்டது. தொழிலுக்கு விற்கும் சாராயத்தை மனிதர் குடித்துவிடாமல் இருக்க அதில் பிரிடினைக் கலப்பது நம் நாட்டிலும் நெடுநாள் வழக்கம்.

பிரிடினின் அமைப்பைப் பள்ளியில் நான் கும்மியைக் கொண்டு விளக்குவேன். ஆறு பெண்கள் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஆறு பேரும் கரி அணுக்களானால் அது பென்சீன் வளையம். ஆறில் ஒருத்தியை விலக்கி, அவ்விடத்தில் வேறு குலத்துப் பெண்ணை, அதாவது ஒரு நைட்ரஜன் அணுவை நிறுத்தினால் அது பிரிடின் வளையம். வளையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இன அணுக்கள் இருப்பதால் இதனைப் பல்லின வளையச் சேர்மம் என்பர். அந்த ஒரு நைட்ரஜன் வந்து நின்றவுடன் வட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. பென்சீன் நீரோடு சேராது, பிரிடின் சேரும். உயிருள்ள உடலின் நீர்மயமான சூழலில் வேலை செய்ய வேண்டிய மருந்துகளுக்கு இவ்வியல்பு மிகவும் உதவுகிறது. ஆதலின் மருந்து செய்வோர் பல்லின வளையங்களைப் பெரிதும் நாடுகின்றனர்.

பிரிடினுக்குப் பிகோலின் என்னும் தங்கையர் மூவர் உண்டு. வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொண்டிருப்பதே இவர்களின் அடையாளம். அது நைட்ரஜனுக்கு அடுத்து ஒட்டினால் ஒருத்தி, ஒன்று விட்டு ஒட்டினால் மற்றொருத்தி, நேர் எதிரே ஒட்டினால் மூன்றாமவள். இம்மூன்றாமவளே நம் கதைக்கு உரியவள். நான்காம் இடத்துப் பிகோலின் என்று பெயர்.

எலும்பெண்ணெயையும் நிலக்கரித் தாரையும் நம்பியிருந்த காலம் போய்விட்டது. இன்று இவற்றைத் தொழிற்சாலையில் ஆக்குகிறார்கள். அதில் நம் நாட்டுக்குரிய சிறப்பு ஒன்று உண்டு. கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து சாராயம் வடிக்கிறார்கள். அச்சாராயத்திலிருந்து அசெட்டால்டிஹைடு என்னும் பொருள் வருகிறது. அதனை அம்மோனியாவோடு சேர்த்து, வினையூக்கியின் மேல் வெப்பத்தில் செலுத்தினால் பிகோலின்கள் உண்டாகின்றன. உத்தரப்பிரதேசத்துக் கஜ்ரௌலாவில் இவ்வழியில் பெரிய அளவில் தொழில் நடந்து வந்துள்ளது. விழுப்புரம், கடலூர்ச் சீமைகளில் நாம் நாள்தோறும் காணும் கரும்பு வண்டிக்கும் மருந்துக் கடையிலுள்ள மாத்திரைக்கும் இத்தகைய உறவு ஒன்று உண்டென்று எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கிறது அல்லவா?

இனி அடுத்த படி. நான்காம் இடத்துப் பிகோலினைக் காற்றோடும் அம்மோனியாவோடும் சேர்த்து மாற்றி, அதன்மேல் ஹைட்ரசீன் என்னும் பொருளைச் செலுத்தினால் வெண்ணிறப் பொடி ஒன்று கிடைக்கிறது. மணமில்லாதது, நீரில் எளிதில் கரைவது, நாவில் வைத்தால் முதலில் சற்று இனித்துப் பின்பு கசப்பது. ஐசோநிக்கோட்டினிக் அமில ஹைட்ரசைடு என்பது அதன் முழுப்பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஐசோனியசிட் என்பார்கள்.

இதனை முதன்முதல் செய்தவர்கள் மருந்து தேடியவர்கள் அல்லர். பிராக் நகரில் 1912ஆம் ஆண்டில் ஹான்ஸ் மேயர் என்ற பேராசிரியரும் அவர் மாணவர் யோசப் மாலியும் இரசாயன ஆராய்ச்சிக்காக இதனைச் செய்து, அதன் இயல்புகளைக் குறித்து, கட்டுரையாக வெளியிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அது ஏட்டிலேயே உறங்கியது.

அந்த நாற்பது ஆண்டுகளில் உலகம் என்ன பாடு பட்டது என்பதை முதியவர்கள் அறிவார்கள். க்ஷயம், எலும்புருக்கி, காசநோய் என்று பல பெயரால் அழைக்கப்பட்ட நோய் வீடு வீடாகப் புகுந்தது. அதற்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டிலேயே கண்டு சொல்லிவிட்டார். ஆனால் பகைவனின் முகம் தெரிந்ததே தவிர, அவனை வீழ்த்தப் படைக்கலம் இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, படுத்த படுக்கையாக ஓய்வு, இவையே வைத்தியம். அதற்காகவே 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்றே பெயர். இடம் கிடைத்தவர்கள் அங்கே சென்றார்கள். கிடைக்காதவர்கள் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். தமிழ்ச் சிறுகதைக்குப் புதுவழி வகுத்த புதுமைப்பித்தன், 1948ஆம் ஆண்டில் இந்நோய்க்கே இரையானார். அவருக்கு அப்போது வயது 42. ஐசோனியசிட் மருந்தாக வெளிவர இன்னும் நான்கே ஆண்டுகள் இருந்தன. பொருளோ அவருடைய சிறுவயதிலேயே பிராக் நகரில் செய்தாகிவிட்டது!

உறக்கம் கலைந்த விதம் சுவையானது. நிக்கோட்டினமைடு என்பது ஒரு வைட்டமின். அதுவும் பிரிடின் வளையம் உடையதே. அது காசநோய்க் கிருமியைச் சிறிது அடக்குகிறது என்று 1945ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கண்டார்கள். ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்ற அறிஞர், தையோசெமிகார்பசோன் என்னும் வேறொரு வகைப் பொருளும் அதனை அடக்குவதைக் கண்டார். இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. அமெரிக்காவில் ராஷ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்ற இரசாயன அறிஞர், அத்தகைய ஒரு பொருளைச் செய்யப் பல படிகள் வகுத்தார். நடுப் படியில் உண்டான இடைப்பொருளே இந்த ஹைட்ரசைடு. போகிற வழியில் இதனையும் சோதித்துப் பார்ப்போமே என்று சோதித்தார்கள். அவர்கள் நாடிச் சென்ற பொருளைக் காட்டிலும் இடைப்பொருளே பன்மடங்கு வலிமையுடையதாக நின்றது!

இதனினும் வியப்பு, அமெரிக்காவில் ஸ்குவிப் நிறுவனத்தாரும் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தாரும், ஒருவரை ஒருவர் அறியாமல் ஏறக்குறைய அதே காலத்தில் இதே பொருளை வந்தடைந்தனர். நியூயார்க் நகரத்து ஸீ வியூ மருத்துவமனையில், பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்ட நோயாளிகள் இம்மருந்தை உண்டு, பசி எடுத்து, எடை கூடி, எழுந்து நடமாடினார்கள். 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் செய்தி உலகெங்கும் பரவியது.

ஆனால் மூன்று நிறுவனத்தாரில் எவராலும் அப்பொருளுக்குத் தனியுரிமை பெற முடியவில்லை. 1912ஆம் ஆண்டிலேயே பிராக் நகரத்து ஆசிரியரும் மாணவரும் அதனை அச்சிட்டு வெளியிட்டுவிட்டார்கள் அன்றோ? எவருக்கும் உடைமையாகாததால் அம்மருந்து மலிவாயிற்று. மலிவானதால் ஏழை நாடுகளுக்கும் எட்டிற்று. பயன் கருதாமல் எழுதி வைத்த ஒரு மாணவரின் ஆராய்ச்சி ஏடு, நாற்பது ஆண்டுக்குப் பின் ஏழைகளின் சொத்தாகியது. கற்பதன் பயன் உடனே தெரியவேண்டும் என்று கேட்போருக்கு நான் சொல்லும் விடை இதுதான்.

இனிச் சென்னைக்கு வருவோம். மருந்து வந்தாலும் சானடோரியத்தில் படுக்கை இல்லையே என்ற கவலை தீரவில்லை. நோயாளிகளின் தொகைக்கு முன்னே நம் நாட்டில் இருந்த படுக்கைகள் மிகச் சொற்பம். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் நோய் தீருமா? வீட்டாருக்குத் தொற்றிக்கொள்ளாதா? இதற்கு விடை காண 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் இரசாயன சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை தாங்க வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். மருந்தைக் கண்டவரும் ஒரு ஃபாக்ஸ், அதனை வீட்டுக்குக் கொண்டு சேர்த்தவரும் ஒரு ஃபாக்ஸ் என்பது நினைவில் வைக்க எளிது.

நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதியை வீட்டிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியசிட்டும், பாஸ் என்னும் துணை மருந்தும் ஒரே அளவு. சானடோரியத்தாருக்கு நல்ல உணவு, ஓய்வு, தாதியர் பராமரிப்பு. வீட்டிலிருந்தவர்களுக்கோ பழைய சோறும் பழைய வேலையுமே. ஆண்டின் முடிவில் கணக்கெடுத்தபோது சானடோரியத்தாரில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு. பெரிய வேற்றுமை இல்லை. வீட்டாருக்கு நோய் தொற்றியதும் வீட்டுச் சிகிச்சையால் மிகுந்துவிடவில்லை. 1959ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தின் போக்கே மாறிற்று. அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

சென்னை நிலையத்தார் மற்றொன்றையும் கண்டார்கள். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்தை வாங்கிச் சென்ற அனைவரும் அதனை உண்ணவில்லை என்பது தெரிந்தது. ஆகவே 1960களில், கண்முன்னே மருந்தை உண்ணச் செய்யும் முறையை அவர்களே ஆராய்ந்து வகுத்தார்கள்.

இடையில் நிறுத்தினால் என்ன கேடு? இங்கே சிறிது கணக்கு வேண்டும். நோயுற்ற நுரையீரலின் ஒரு பொந்தில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அவற்றுள் ஏறத்தாழப் பத்து லட்சத்துக்கு ஒன்று, பிறவியிலேயே ஐசோனியசிட்டுக்கு அடங்காதது. ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் மற்றவை மடியும். இந்த நூறும் பெருகிப் பொந்தை நிரப்பும். ஆகவேதான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இன்றைய முறைப்படி முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பிராசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு. அடுத்த நான்கு மாதம் பிராசினமைடு நீங்கலாக மூன்று. பிராசினமைடும் நைட்ரஜன் வளையமே. அதில் இரண்டு நைட்ரஜன்கள். ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றொன்று கொல்லும். இரண்டுக்கும் ஒருங்கே தப்பும் கிருமி மிக மிக அரிது.

1992ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை ஒன்றும் இதனோடு சேர்கிறது. நாம் விழுங்கும் ஐசோனியசிட் தானாக எதனையும் கொல்வதில்லை. கிருமிக்குள் புகுந்தபின், கிருமியின் சொந்த நொதி ஒன்று அதனை மாற்றுகிறது. அவ்வாறு மாறிய பொருளே, கிருமி தன் மேலுக்குப் போர்த்திக்கொள்ளும் மெழுகுறையைக் கட்டவிடாமல் தடுக்கிறது. அந்த நொதி பழுதுபட்ட கிருமி மருந்துக்குத் தப்பிவிடுகிறது. தொழிற்சாலையில் இடைப்பொருளாய் இருந்தது, கிருமியின் உள்ளேயும் இடைப்பொருளாகவே இருக்கிறது!

மருந்துக்குத் தீய பக்கமும் உண்டு. சிலருக்குக் கை கால் மதமதக்கும். உடலிலுள்ள பிரிடாக்சின் என்னும் ஆறாம் பி வைட்டமினை இது குறைத்துவிடுவதே காரணம். அவ்வைட்டமினைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுத்தால் சரியாகும். அதுவும் ஒரு பிரிடின் வளையமே. சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். தாமாக மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இவ்வளவையும் நூலிலிருந்து சொன்னேன். இனி நான் சொல்வது நூலில் இல்லாதது.

உப்பளங்களை ஒட்டிய ஒரு பள்ளியில் நான் பணிசெய்த காலம். மூன்றாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் தகப்பனார் உப்பு வாரும் தொழிலாளி. ஐப்பசி மழையில் அளத்தில் வேலை இல்லாதபோது அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. மருந்து தொடங்கினார். பொங்கல் கழிந்து அளத்தில் வேலை தொடங்கிய ஒரு காலையில், உப்புக் கூடையோடு வரப்பின்மேல் விரைந்து நடப்பவரைக் கண்டேன். முகம் தெளிந்திருந்தது. “என்ன ஐயா, உடம்பு தேறிவிட்டதா?” என்று கேட்டேன். “நல்லா இருக்கேன் சார். இருமலே இல்லை” என்றார். நான் மகிழ்ந்து வாழ்த்திவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன்.

இருமல் இல்லாததால் அவர் மருந்தையும் விட்டிருந்தார். விடியுமுன் அளத்தில் இறங்கவேண்டிய மனிதர். ஒரு நாள் மருந்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. நலமாக இருக்கும்போது எதற்கு என்று எண்ணியிருப்பார். மழைக்காலம் திரும்புமுன் இருமல் திரும்பியது. மீண்டும் கொடுத்த மருந்துக்கு நோய் அடங்கவில்லை. அடுத்த ஆண்டு அச்சிறுமியின் வருகைப் பதிவேட்டில், தந்தை பெயருக்கு எதிரே நான் ஒரு திருத்தம் எழுத நேர்ந்தது.

கிருமியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் ஓரளவு கற்ற ஆசிரியன் நான். “மருந்தை இன்னும் சாப்பிடுகிறீர்களா?” என்ற ஒரு கேள்வியை அன்று வரப்பில் நின்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

நேயர்களே, காசநோய் வைத்தியத்தில் முதல் மாதம் எளிது. அச்சம் நம்மை மருந்து உண்ணச் செய்யும். கடைசி மாதமும் எளிது; முடியப்போகிறது என்ற நம்பிக்கை இருக்கும். நடு மாதங்களே கடினம். நோயும் இல்லை, நலமும் முழுதாக இல்லை. நடுப் பாத்தியில் நிற்கும் நீரைப் போன்ற நிலை அது. அங்கே வரப்பை வெட்டிவிட்டால், அதுவரை வெயில் உழைத்த உழைப்பு முழுவதும் வீணாகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். மருந்து உண்ணும் காலத்தில் ஊட்டமான உணவுக்காக மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் மாதம் 500 ரூபாய் வழங்கத் தொடங்கி, 2024 நவம்பரில் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியது. நோயின் கடுமையைத் தொடக்கத்திலேயே கணித்து, தேவைப்படுவோரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. மருந்து இருக்கிறது, வழி இருக்கிறது. எஞ்சியிருப்பது அக்கம்பக்கத்தாராகிய நம் பங்கு.

உங்கள் தெருவில் ஒருவர் நோயிலிருந்து தேறி, முகம் தெளிந்து நடப்பதைக் கண்டால் மகிழுங்கள். மகிழ்ந்ததோடு நின்றுவிடாமல், மருந்து இன்னும் நடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.